விட்டுவைத்த ஆள்

ஆஷ் கிரீக், கான்சஸ்
28 அக்டோபர் 1974, திங்கள்

வெல்டன் அண்ணனுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். முதலில் போன்தான் செய்தேன். மூன்று முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தையும் கிழித்துப் போடலாம்தான். கிழிக்கும்போது ஒரு வரியாவது கண்ணில் படும் என்று எழுதுகிறேன்.

வழக்கப்படி உங்கள் கல்லூரி அனுப்பிய மூன்று ஆட்டங்களின் ஃபிலிம் டப்பாக்கள் நேற்று பஸ்ஸில் வந்து சேர்ந்தன. எங்களுடையதும் உங்களுக்கு வந்திருக்கும். நவம்பர் ஒன்பதாம் தேதி இரண்டு கல்லூரிகளின் ஃபுட்பால் அணிகளும் மோதுகின்றன. உங்கள் ஆட்டத்தை நிறுத்த வழி கண்டுபிடிப்பது என் வேலை. அதற்காகத்தான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

டெரல் நன்றாக ஆடுகிறான். அப்பனாகவும் எதிரியாகவும் சொல்கிறேன், பந்தோடு ஓடிக்கொண்டே யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுக்கிற இந்த ஆப்ஷன் ஆட்டத்தை இவனைப் போல நடத்திய குவார்ட்டர்பேக்கை நான் பார்த்ததில்லை. எதிரணியில் இரண்டு பேரை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவைக்கிறீர்கள். நடுவில் நேரே முட்டிப் பாய்கிற ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தைச் செருகும்போதே டெரல் முதல் ஆளைப் பார்க்கிறான். அவன் ஃபுல்பேக் மேல் பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு ஓரமாக ஓடுகிறான். அங்கே இரண்டாமவன் தன்மேல் வந்தால், கூடவே ஓடி வருகிறவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறான். நாம் இருவரும் டெக்சாஸில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் போட்ட கணக்குதான். ஒரு நொடிக்குள் மூன்று முடிவு, எல்லாம் கண்ணை நம்பித்தான் நடக்கிறது.

அந்தக் கண்ணைப் பற்றித்தான் எழுத வந்தேன். வலது பக்கம் ஓடும்போது ஓரக்கண்ணால் பார்க்கிறான், எப்போதும் போல. இடது பக்கம் ஓடும்போது முகத்தையே முழுதாகத் திருப்புகிறான். செப்டம்பர் ஆட்டத்தில் கொஞ்சம் திருப்பினான். அக்டோபரில் முகவாய் தோளைத் தொடுகிறது. முன்னும் பின்னுமாக நாற்பது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு இடது கண்ணில் ஏதோ கோளாறு அண்ணா. ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தபோது பிக்கப் வண்டியின் இடது கண்ணாடியைக் கதவுக் கம்பத்தில் மோதி உடைத்தான். கவனம் இல்லை என்று திட்டினேன். நோரீன் இடது பக்கம் நின்று காபி நீட்டினால் எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். பெற்றவள் கையில் வாங்க மாட்டானாம் என்று அவள் வருத்தப்பட்டாள்.

அவனை ஒரு கண் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களைத் தோற்கடிக்க வேண்டியவன் சொன்னால் இது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கேட்டாலும் பரவாயில்லை, காட்டிவிடுங்கள்.

டாயல்


சால்ட் ஃபோர்க், ஓக்லஹோமா
31 அக்டோபர் 1974

தம்பி டாயலுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் இவ்வளவு சிரித்திருக்க முடியாது.

எனக்கே காது குத்துகிறாயா? ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் ஜெயித்திருக்கிறோம். எங்களை நிறுத்த உன்னிடம் ஆள் இல்லை. அதனால் குவார்ட்டர்பேக்குக்குக் கண் தெரியவில்லை என்று கடிதம் போடுகிறாய். நான் இதுவரை பார்த்த தடுப்பாட்டத் திட்டங்களிலேயே மிக மலிவானது இதுதான்.

அந்தத் தலைத் திருப்பல் இருக்கிறதே, அதைப் போய்க் கோளாறு என்கிறாய். அது இந்த வருடத்தின் அருமையான கண்டுபிடிப்பு. முகத்தைத் திருப்பி நேருக்கு நேர் முறைத்தால் விட்டுவைத்த ஆள் அரை நொடி திகைத்து நிற்கிறான். அந்த அரை நொடியில் நமக்கு ஐந்து கெஜம். டெரல் தானாகவே கண்டுபிடித்தான், நான் பார்த்ததும் பிடித்துக்கொண்டேன். இப்போது மாற்று குவார்ட்டர்பேக்குகள் இரண்டு பேருக்கும் தினமும் இருபது நிமிடம் அதைத்தான் பழக்குகிறேன். மூன்று பயல்களும் வரிசையாகத் தலையைத் திருப்புவதைப் பார்த்தால் உனக்கும் சிரிப்பு வரும். அப்போ மூன்று பேருக்கும் கண் போய்விட்டதா?

உன் கடிதத்தைப் பற்றி டெரலிடமே கேட்டேன். மைதானத்தில் என்னைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுவான், 'பெரியப்பா' எல்லாம் சாப்பாட்டு மேசையோடு சரி. ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "என்னை நிறுத்த அப்பாவுக்கு வேற வழி தெரியல கோச். பாவம், விடுங்க."

நீ ஏன் இப்படி ஆனாய் என்றும் எனக்குத் தெரியும். டெக்சாஸில் நம் குவார்ட்டர்பேக் லெஸ்டர் அடிபட்டு விழுந்த நாளிலிருந்து உனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பையன் இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறான். அவனை நினைத்து எனக்கும் தூக்கம் கெட்டதுண்டு. ஆனால் நான் ஓடிப்போகவில்லை. நீதான் நம் ஆட்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய், அதை உடைக்கும் வேலையில் சேர்ந்தாய். உன் மகன் உன்னோடு வராமல் என்னிடம் வந்தது ஏன் என்று ஒருநாள் யோசித்துப் பார்.

நோரீனுக்கு என் அன்பு. ஒன்பதாம் தேதி பார்ப்போம்.

வெல்டன்


ஆஷ் கிரீக்
4 நவம்பர் 1974

அண்ணா,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். ஆனால் கண்ணைப் பற்றி நான் கேட்டதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை.

எங்கள் திட்டத்தை உங்களுக்கே எழுதப்போகிறேன். இதைப் படித்துவிட்டு என்னிடம் சூது இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள். ஆப்ஷனை நிறுத்த ஒரே வழிதான் இருக்கிறது, ஆளுக்கொரு வேலை. ஒருவன் ஃபுல்பேக்குக்கு, ஒருவன் பக்கவாட்டில் பந்து வாங்குகிறவனுக்கு, ஒருவன் குவார்ட்டர்பேக்குக்கு. அந்த மூன்றாமவனுக்குப் பந்து எங்கே போனாலும் கவலை இல்லை. பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் குவார்ட்டர்பேக்கை அடித்துச் சாய்க்க வேண்டும். பந்து இருப்பதுபோல் பாசாங்கு செய்து ஓடுகிறவனை அடிக்கலாம் என்று விதி சொல்கிறது. அறுபது முறை ஆடினால் அறுபது அடி. மூன்றாம் கால்பகுதியில் அவனுக்கு முடிவெடுக்கத் தோன்றாது. லெஸ்டரை அப்படித்தான் சாய்த்தார்கள், உங்களுக்கு மறந்திருக்காது.

எங்கள் தலைமைக் கோச் பக்கெட் அதைத்தான் செய்யச் சொல்கிறார். அந்த மூன்றாமவன் ஆர்லோ. கோதுமைப் பண்ணைப் பிள்ளை, கன்றுக்குட்டியைத் தூக்கி வேலிக்கு அப்பால் வைக்கிறவன், ஆனால் பேச்சில் சாது. நேற்றுப் பயிற்சி முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"கோச், அது உங்க பையன்தானே? எவ்வளவு பலமா அடிக்கணும்?"

"எல்லாரையும் எப்படி அடிப்பியோ அப்படி," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? தலையாட்டிவிட்டுப் போனான்.

கண் விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஆர்லோவை இடது பக்கமாகவே அனுப்புவார்கள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொல்லும் டாக்டர் ஒருவர் போதும். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

டாயல்


சால்ட் ஃபோர்க்
7 நவம்பர் 1974

டாயல்,

உன் தொல்லை தாங்காமல் அணி டாக்டரிடம் அனுப்பினேன். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தானாம். எந்தக் கண்ணையும் மூட வேண்டிய அவசியமே வரவில்லை என்றார் டாக்டர். அவ்வளவு நல்ல பார்வை. போதுமா?

உன் ஆர்லோவைத் தாராளமாக அனுப்பு. வேலி தாண்டி எங்கள் பையனும் குதிப்பான்.

வெல்டன்


சால்ட் ஃபோர்க்
11 நவம்பர் 1974

தம்பி டாயலுக்கு,

முப்பத்தெட்டுக்கு ஆறு. இந்த எண்ணை எழுதும்போது இருக்கிற சுகமே தனி.

ஆட்டம் முடிந்து கைகுலுக்க வருவாய் என்று நடு மைதானத்தில் காத்து நின்றேன். நீ குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய்விட்டாய். தோற்றவனுக்கும் ஒரு மரியாதை உண்டு, அதைக்கூட விட்டுவிட்டாய். டெரலும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். விடுதிக்குத் திரும்பும் வழியில் எல்லோரும் மாவில் பொரித்த மாட்டிறைச்சியும் பெக்கான் பருப்பு இனிப்பும் வயிறு முட்டத் தின்றோம், அவன் மட்டும் தட்டை நகர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தான். அப்பனைத் தோற்கடித்தால் எந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் உறுத்தும்தான்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உன் மூன்றாமவன் எங்கே போனான்? டெரல் நூற்றுத் தொண்ணூறு கெஜம் ஓடியிருக்கிறான். சட்டையில் ஒரு புல் கறை இல்லை. ஆர்லோ என்று பெரிதாக எழுதினாயே, அந்தத் தடியன் நாள் முழுக்கப் பந்து வாங்க வருகிறவன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தான். இப்படியா பழக்குவாய்? டெக்சாஸில் பதினைந்து வயதுப் பையன்கள்கூட இதைவிட நன்றாகத் தடுத்தார்கள். உனக்கு வேலை மறந்துபோய்விட்டது தம்பி.

இருபத்திமூன்றாம் தேதி நெப்ராஸ்காவில் கிடியன் கல்லூரியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன். ஐம்பத்திநான்கு வயதில் முதல்முறையாக அந்தக் கோப்பைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறேன். டெரலைப் பார்க்கத் தொழில்முறை அணிகளிலிருந்து இரண்டு பேர் வருகிறார்களாம். இனியாவது கண், மூக்கு என்று எழுதாதே.

வெல்டன்


ஆஷ் கிரீக்
14 நவம்பர் 1974

அண்ணா,

எனக்கு வேலை மறக்கவில்லை. வேலைதான் போய்விட்டது. நீங்கள் வேறு யார் மூலமாவது தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்தன்று காலையில் ஆர்லோவைத் தனியாகக் கூப்பிட்டு அவன் வேலையை மாற்றினேன். குவார்ட்டர்பேக்கை விட்டுவிடு, பந்து வாங்குகிறவனைப் பிடி என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் பக்கம் நீங்கள் இரண்டு பேரை விட்டுவைத்தீர்கள். என் பக்கம் நான் ஒருவனை விட்டுவைத்தேன், என் பிள்ளையை. எங்கள் பையன்களில் ஒன்பது பேருக்கு அதுதான் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அவர்கள் உடை மாற்றும் அறையில் அழுதார்கள். அழுதவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு உங்களோடு கைகுலுக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை பக்கெட்டிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மேசையைக் காலி செய்யச் சொன்னார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமையே வண்டி எடுத்துக்கொண்டு சால்ட் ஃபோர்க் வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. டெரல் அறைக் கதவைப் பாதிதான் திறந்தான். "எதுக்குப்பா எனக்கு விட்டுக்கொடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. களத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கண்ணைப் பற்றிக் கேட்டேன், கதவைச் சாத்திவிட்டான். ஒரு மணி நேரம் நடையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். இருபத்தொரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டா வர முடியும்?

இனி முக்கியமான விஷயம். வழக்கப்படி கிடியன்காரர்கள் நம் ஆட்டத்தின் ஃபிலிமைக் கேட்டார்கள், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய்விட்டது. நேற்று அவர்களுடைய தடுப்பாட்டக் கோச் ஹ்ருஸ்கா போன் செய்தார். வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முதல் கேள்வியே இதுதான்: "இடது பக்கம் போறப்ப மட்டும் உங்க பையன் தலையைத் திருப்பறானே, அது எதுக்கு?"

அது அவன் பெரியப்பா சொல்லிக்கொடுக்கிற தந்திரம், எதிராளியைத் திகைக்க வைக்கத்தான் என்றேன். உங்கள் வாக்கியத்தையே உங்களுக்காகப் பொய்யாகச் சொன்னேன். "அப்படியா," என்றார். பிறகு, "எனக்கு ஒரு நாய் இருந்துச்சு, அதுவும் அப்படித்தான் திரும்பும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. நான் ஒருமுறை விட்டுவைத்தேன். ஹ்ருஸ்கா விட்டுவைக்க மாட்டார், விட்டுவைக்க அவருக்குக் காரணமும் இல்லை.

என்னை நம்ப வேண்டாம். ஃபிலிமைப் பார்த்து எங்கள் ஆட்கள் டெரலை எத்தனை முறை தொட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறைகூட இல்லை. வேலையை இழந்து ஒருவன் சூது செய்வானா என்று யோசியுங்கள். அதற்குப் பிறகு அவனுடைய இடது பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நின்று ஒரு பந்தைத் தூக்கிப் போடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

நெப்ராஸ்காவுக்கு நான் வரமாட்டேன். பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நோரீனுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

டாயல்


கிடியன், நெப்ராஸ்கா
22 நவம்பர் 1974, வெள்ளி

டாயல்,

உன் கடிதம் வந்து நான்கு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை ஃபிலிமைப் போட்டு எண்ணினேன். நீ சொன்னது சரி. யாரும் அவனைத் தொடவில்லை. நான் ஜெயித்த ஆட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது நீ கொடுத்த ஆட்டம். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு உன்னிடம் மன்னிப்பும் கேட்டேன், இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு டெரல் மட்டும் மைதானத்தில் நின்று ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது பக்கமாகப் போனேன். ஐந்தடி தூரத்தில் நின்றேன். திரும்பவில்லை. பந்தை மெல்ல வீசினேன். அது அவன் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கை அசையவே இல்லை. கீழே கிடந்த பந்தைப் பார்த்தான், அப்புறம் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தான்.

உட்காரவைத்துக் கேட்டேன். வசந்தகாலப் பயிற்சியில் ஒரு அடி பட்டதாம். முதலில் பூச்சி பறக்கிற மாதிரி கறுப்புக் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. ஆகஸ்டுக்குப் பிறகு ஓரத்திலிருந்து திரை இழுத்த மாதிரி மூடிக்கொண்டே வருகிறதாம். ஒரு கண்ணை மூடச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று, டாக்டர் அறையில் தனக்கு முன்னால் நின்றவன் எழுத்து அட்டையைப் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்தானாம். தலைத் திருப்பலைத் தந்திரம் என்று நான் சொன்னபோது அவனுக்கு நிம்மதியாக இருந்ததாம். இருக்காதா? அவன் மறைத்ததை நான்தான் பாடமாக்கி இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருடம் பையன்களின் கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்துப் பிழைத்தவன் நான்.

சனிக்கிழமை நீ ஆட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு ஆட்டம் பெரியப்பா. முடிஞ்சதும் எந்த டாக்டர்கிட்ட வேணாலும் வரேன். இதை மட்டும் என்கிட்டருந்து எடுத்துடாதீங்க."

மைதானத்தில் நின்றுகொண்டு அவன் என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சரி என்றேன் டாயல். அவன் கெஞ்சியதற்காக என்று எழுதினால் பாதிதான் உண்மை. எனக்கும் அந்தக் கோப்பை வேண்டும். மாற்று ஆட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு கிடியனை ஜெயிக்க முடியாது.

திட்டத்திலிருந்து இடது பக்கத்து நகர்வுகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நாளை முழுக்க வலது பக்கம்தான் ஓடுவோம். பன்னிரண்டு நகர்வு மிஞ்சியிருக்கிறது. நேற்று அவற்றைப் படமாக வரைந்துகொண்டிருந்தேன். பத்தாவது படத்தில்தான் கை நின்றது. அவன் வலது பக்கம் ஓடினால், பின்னாலிருந்து துரத்துகிறவர்கள் அத்தனை பேரும் அவனுடைய இடது பக்கத்திலிருந்துதான் வருவார்கள். வருகிறவன் யாரையும் அவன் பார்க்கப் போவதில்லை. நீயாக இருந்தால் முதல் படத்திலேயே சொல்லியிருப்பாய். மிச்சம் இரண்டையும் வரைந்து முடித்தேன்.

இன்று மாலை இங்கே மைதானத்தை நடந்து பார்க்கப் போனோம். தரை இறுகிக் கிடக்கிறது, காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. ஹ்ருஸ்கா வேலியோரம் வந்து நின்று எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். பிறகு டெரலிடம் போய்ப் பேசினார். இடது பக்கமாகப் போய் நின்றுதான் பேசினார். டெரல் முகத்தைத் திருப்பித் தேடினான். நல்லா ஆடு தம்பி என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

விடுதி அறையில் போன் இருக்கிறது, கைக்கெட்டுகிற தூரத்தில். உன் எண் மனப்பாடம். கூப்பிட்டால் நீ வேண்டாம் என்பாய், ஆறு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து அவன் முன்னால் நிற்பாய். அவன் ஆடமாட்டான். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இன்று தபாலில் போட்டால் திங்கட்கிழமைதான் உனக்கு வரும். அதற்குள் ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டிருப்பாய்.

ஆட்டம் இரண்டு மணிக்கு. நோரீனிடம் நீயே சொல்லிவிடு.

வெல்டன்